கொன்ஃபிக் பெறுமதிகளை எங்கே வைத்திருப்பது: புரொசெஸ்ஸிலா, ரிக்வெஸ்ட்டிலா?

கேள்வியின் சாரம் இது. உப்புவெளியில் உள்ள ஒரு விடுதிக்கு அறைப் பதிவும் புறாத்தீவுப் படகுப் பதிவும் சேர்ந்த ஒரு தளம். பைதனில் ஃபிளாஸ்க் என்ற வலைச் சட்டகம், முன்னால் ரிக்வெஸ்ட்டுகளை (பக்கம் கேட்டு வரும் கோரிக்கைகளை) வாங்கிக் கொடுக்கும் கனிகோர்ன் சேர்வர், அதன் கீழ் நான்கு வேர்க்கர் (ஒவ்வொன்றும் தனியாக ஓடும் ஒரு புரொசெஸ்). அறை விலை, படகு நேரம், வற் வரி வீதம், தொலைபேசி இலக்கம், டேட்டாபேஸ் முகவரி எல்லாம் யாமல் (YAML) வடிவில் எழுதிய ஒரே கொன்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் இருக்கின்றன. இப்போது ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் அந்த ஃபைலைத் திறந்து பார்ஸ் செய்கிறார்கள் (வாசித்துப் பெறுமதிகளாகப் பிரிக்கிறார்கள்). பக்கம் மெதுவாக வருகிறது. குழுவில் ஒருவர் "ஒரு தடவை பார்ஸ் செய்து குளோபலில் (புரொசெஸ் முழுவதற்கும் பொதுவான மாறியில்) போடுங்கள்" என்கிறார். மற்றவர் "அப்படிப் போட்டால் விலை மாற்றினால் தெரியாது, ரிக்வெஸ்ட்டுக்குள் வைப்பதுதான் பாதுகாப்பு" என்கிறார். குளோபலில் போட்டுப் பார்த்தபோது, விலை மாற்றிய பிறகு சிலருக்குப் பழைய விலையும் சிலருக்குப் புதிய விலையும் வந்திருக்கிறது. எது சரி?

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. பார்ஸ் செய்வது புரொசெஸ்ஸுக்கு ஒரு தடவை. அப்படிக் கிடைத்த, மாற்ற முடியாத பொருளை ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் தொடங்கும்போது ஒரு தடவை கையில் எடுத்து, முடியும்வரை அதையே பார்ப்பது. குளோபலில் இருப்பது "இப்போதைய பதிப்பு", ரிக்வெஸ்ட்டில் இருப்பது "நான் தொடங்கியபோது இருந்த பதிப்பு". இந்த இரண்டையும் பிரித்து வைத்தால் மெதுவும் போகும், குழப்பமும் போகும். ஆனால் விலை இரண்டு விதமாகத் தெரிந்த பிரச்சினையில் ஒரு பகுதி கேஷால் (ஒரு தடவை எடுத்ததை நினைவில் வைத்திருப்பதால்) தீராது. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் மெதுவு. யாமலை வாசிக்கும் பைஇயாமல் (PyYAML) நூலகத்தின் சேஃப்லோட் (safe_load) முழுக்கப் பைதனிலேயே எழுதப்பட்ட பார்ஸரைத்தான் பயன்படுத்தும். சி மொழியில் எழுதிய வேகமான லிப்யாமல் உங்கள் சேர்வரில் இருந்தாலும் அது தானாக எடுபடாது. சிசேஃப்லோடர் (CSafeLoader) என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சில நூறு வரி உள்ள ஃபைலுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வரும். நேரம் அளக்கும் டைம்இட் கருவியை வைத்து உங்கள் சொந்த ஃபைலை உங்கள் சொந்த சேர்வரில் 200 தடவை பார்ஸ் செய்து சராசரி எடுங்கள். மடிக்கணினியில் அளந்த எண்ணை நம்பாதீர்கள், விபிஎஸ் என்ற சின்ன வாடகைச் சேர்வரின் சிபியூ வேறு. பிறகு அதே எண்ணைப் பக்கம் திரும்பி வர எடுக்கும் மொத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். வேகமான பார்ஸர் கிடைத்ததும் "இனி ஒவ்வொரு தடவையும் பார்ஸ் செய்யலாம்" என்று விட்டுவிடவும் கூடாது. காரணம் வேகம் மட்டுமல்ல: ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் ஃபைலைத் தொடுகிறது என்றால், யாரோ அந்த ஃபைலைச் சேமிக்கும் அந்தக் கணத்தில் வரும் ரிக்வெஸ்ட் அரைகுறை ஃபைலை வாசிக்கும்.

இந்த அரைகுறை ஃபைல் விஷயத்தில் யாமல் குறிப்பாக ஆபத்தானது. ஜேசன் ஃபைல் நடுவில் வெட்டுப்பட்டால் மூடும் அடைப்பு இல்லாததால் பார்ஸர் பிழை சொல்லும். யாமல் நடுவில் வெட்டுப்பட்டால் பெரும்பாலும் அது சரியான யாமலாகவே இருக்கும். கடைசிச் சில வரிகள் மட்டும் இருக்காது. பிழை எதுவும் வராமல் வற் வரி வீதம் காணாமல் போய், "இல்லையென்றால் 0" என்று எழுதிய கோட் பூச்சிய வரியோடு பில் போட்டுவிடும். ஆகவே இரண்டு காரியம் கட்டாயம். ஒன்று, ஃபைலை அதே அடைவில் வேறு பெயரில் முழுதாக எழுதி, எஃப்சிங்க் செய்து (டிஸ்க்கில் எழுதி முடிக்கச் செய்து), பிறகு ரீநேம் செய்வது. லினக்ஸில் ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் ரீநேம் என்பது பழையது அல்லது புதியது, நடுவில் எதுவும் இல்லை. சேர்வருக்குள் போய் நானோ எடிட்டரில் நேரடியாகத் திருத்தும் பழக்கத்தை இன்றே விடுங்கள். இரண்டு, பார்ஸ் முடிந்ததும் தேவையான ஒவ்வொரு சாவியும் (பெறுமதியின் பெயரும்) இருக்கிறதா, சரியான வகையா, சரியான எல்லைக்குள்ளா என்று பார்ப்பது. பணமும் வரியும் சம்பந்தப்பட்ட எதற்கும் டிஃபோல்ட் பெறுமதி வைக்காதீர்கள். இல்லையென்றால் பிழை சொல்லட்டும்.

வகையைப் பற்றிச் சொல்லும்போது, உங்கள் ஃபைலிலேயே ஒளிந்திருக்கக்கூடிய ஒன்றைக் காட்டுகிறேன். பைஇயாமல் யாமல் 1.1 விதிகளைப் பின்பற்றுகிறது. மேற்கோள் குறி இல்லாமல் படகு நேரத்தை 16:30 என்று எழுதினால் அது அறுபதின் அடிமான எண்ணாக வாசிக்கப்பட்டு 990 என்ற முழு எண்ணாக வரும். காலைப் படகு 07:30 என்று எழுதினால், பூச்சியத்தில் தொடங்குவதால் அந்த விதியில் அகப்படாமல் வெறும் எழுத்துச் சரமாக வரும். ஒரே பட்டியலில் காலை நேரம் சரம், பின்னேரம் எண். காலைப் படகை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இது பிடிபடாது. திருகோணமலைத் தொலைபேசிக் குறியீடு 026 என்று தனியாக எழுதினால் அது எட்டின் அடிமானமாகப் பார்க்கப்பட்டு 22 ஆகிவிடும். இடைவெளி விடாமல் எழுதிய முழு இலக்கமும் அப்படித்தான், அதில் 8 அல்லது 9 இருந்தால் மட்டும் தப்பி சரமாக வரும். நேரம், தொலைபேசி, பணம் மூன்றையும் எப்போதும் மேற்கோள் குறிக்குள் எழுதி, லோட் செய்யும் இடத்தில் நீங்களே மாற்றுங்கள்: நேரம் டைம் பொருளாக, பணம் டெசிமலாக, நேர வலயம் சோன்இன்ஃபோவாக. "பார்ஸ் செய்த பெறுமதி" என்று நான் சொல்வது இந்த நிலையைத்தான். வெறும் டிக்‌ஷனரியைக் கேஷ் செய்துவிட்டு ஒவ்வொரு வியூவிலும் (பக்கத்தை உருவாக்கும் ஃபங்ஷனிலும்) மறுபடி இன்ட், டெசிமல் என்று மாற்றிக்கொண்டிருந்தால் பாதி வேலையைத்தான் கேஷ் செய்திருக்கிறீர்கள்.

இனி, எந்தப் பெறுமதி எங்கே போக வேண்டும் என்பது. டேட்டாபேஸ் முகவரி, கடவுச்சொல், போர்ட், பூல் அளவு: இவை புரொசெஸ் தொடங்கும்போது ஒரு தடவை மட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைலில் இவற்றை மாற்றினால் ஏற்கனவே திறந்திருக்கும் இணைப்புகள் மாறப்போவதில்லை. ஆகவே மாறியதாகக் கண்டால் "ரீஸ்டார்ட் தேவை" என்று லொக்கில் (நிகழ்வுப் பதிவேட்டில்) எழுதிவிட்டுப் பழையதையே வைத்திருக்க வேண்டும். அறை வகைகள், படகு நேரம், "இன்று படகு ஓடுகிறதா" போன்றவை ஓடும்போதே மாறலாம். வடகீழ்ப் பருவக்காற்று நாட்களில் கடல் கொந்தளித்தால் படகுப் பதிவைச் சில வினாடிகளுக்குள் நிறுத்த வேண்டியிருக்கும். அதற்காக யாரும் ரீஸ்டார்ட் செய்ய மாட்டார்கள். மூன்றாவது, ஆளுக்கு ஆள் மாறுவது: மொழி தமிழா சிங்களமா ஆங்கிலமா, உள்நாட்டவரா வெளிநாட்டவரா, எந்த நாணயம். இவை ஒருபோதும் குளோபலில் இருக்கக்கூடாது. ரிக்வெஸ்ட்டுக்குரிய இடத்தில், ஃபிளாஸ்க்கில் ஜி என்ற பொருளில், இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது வகை முதல் இரண்டோடு கலக்கும்போதுதான் மோசமான பிழைகள் வருகின்றன. பைதனின் எல்ஆர்யூகேஷ் (முதல் தடவை கிடைத்த விடையையே நினைவில் வைத்துத் தருவது) போட்ட ஒரு ஃபங்ஷன் கொன்ஃபிக் டிக்‌ஷனரியைத் திருப்பித் தருகிறது என்று வையுங்கள். எத்தனை தடவை கூப்பிட்டாலும் தருவது நகல் அல்ல, அதே டிக்‌ஷனரிதான். புறாத்தீவு தேசியப் பூங்கா நுழைவுச் சீட்டு உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் வேறு விலை. உள்நாட்டு விருந்தினர் ஒருவர் வந்ததும் வியூவுக்குள் "விலைகள்" என்ற டிக்‌ஷனரியில் சீட்டு விலையை உள்நாட்டு விலையாக மாற்றி எழுதிவிட்டு டெம்ப்ளேட்டுக்கு அனுப்புகிறது கோட். பக்கம் சரியாக வரும். அந்த வேர்க்கருக்கு அடுத்து வரும் வெளிநாட்டவருக்கும் உள்நாட்டு விலையே காட்டும், ஏனென்றால் மாற்றியது எல்லோருக்கும் பொதுவான பொருளை. மற்ற மூன்று வேர்க்கரிலும் விலை சரியாக இருக்கும். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் சில நேரம் சரி, சில நேரம் பிழை. ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும், பிறகு மறுபடி வரும். நீங்கள் சொன்ன "சிலருக்குப் பழையது, சிலருக்குப் புதியது" என்பதில் இதுவும் கலந்திருக்கலாம். கோட் முழுக்கத் தேடி, கொன்ஃபிக்கிலிருந்து எடுத்த எதற்குள்ளும் எழுதும் வரிகளை முதலில் கண்டுபிடியுங்கள்.

தடுக்கும் வழி பொருளை உறைய வைப்பது. ஃப்ரோசன் டேட்டாகிளாஸ் (உருவாக்கிய பிறகு புலங்களை மாற்ற விடாத வகை) நல்லது, ஆனால் அது மேல் அடுக்கை மட்டுமே உறைய வைக்கும். உள்ளே ஒரு லிஸ்ட் இருந்தால் அதில் அப்பென்ட் செய்ய எதுவும் தடுக்காது. டிக்‌ஷனரியை வாசிக்க மட்டும் விடும் மேப்பிங்ப்ரொக்சிடைப்பும் அப்படியே. ஆகவே லிஸ்ட்டுக்குப் பதில் டியூப்பிள், உள் டிக்‌ஷனரிக்குப் பதில் இன்னொரு ஃப்ரோசன் டேட்டாகிளாஸ் என்று அடிவரை போங்கள். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் டீப்கொப்பி (அடிவரை முழு நகல்) எடுத்துக் கொடுக்கும் வழியும் உண்டு; நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பெரிய கொன்ஃபிக்குக்கு டீப்கொப்பியின் செலவு சிறியதல்ல, பிழையையும் அது காட்டித் தராமல் மூடிவிடும். உறைந்த பொருளில் எழுதப் போனால் அந்த இடத்திலேயே எக்செப்ஷன் வரும். அதுதான் உங்களுக்கு வேண்டும்.

மீள்லோட் செய்யும் முறையை ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் வரிசை முக்கியம். ரிக்வெஸ்ட் தொடங்கும்போது ஓடும் பிஃபோர்ரிக்வெஸ்ட் ஹூக்கில், கடைசியாகப் பார்த்து 5 வினாடி ஆகியிருந்தால் மட்டும் ஃபைலை ஸ்டாட் செய்யுங்கள் (திறக்காமல் அதன் விவரங்களை மட்டும் கேளுங்கள்). 5 வினாடியை அளக்க, ஒருபோதும் பின்னால் போகாத மொனோடொனிக் கடிகாரம். சேர்வரின் நேரத்தை யாரும் திருத்தினால் சாதாரணக் கடிகாரம் பின்னால் போகும். மாறிய நேரம் நனோவினாடியில், அளவு, ஐநோட் எண் (ஃபைல்சிஸ்டம் ஃபைலுக்கு வைக்கும் அடையாள எண்) ஆகிய மூன்றையும் ஒரு டியூப்பிளாக ஒப்பிடுங்கள். மாறிய நேரத்தை மட்டும் வினாடிக் கணக்கில் பார்த்தால் ஒரே வினாடிக்குள் நடந்த இரண்டு சேமிப்பில் பின்னையது தவறிப் போகும். மூன்றும் ஒன்றே என்றால் வேலை முடிந்தது. வேறு என்றால் ஒரு பூட்டை (ஒரு நேரத்தில் ஒருவரே எடுக்கக்கூடியதை), காத்திருக்காமல் எடுக்கப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வேறொரு திரெட் (அதே புரொசெஸ்ஸுக்குள் இணையாக ஓடும் வேலை) ஏற்கனவே லோட் செய்கிறது. பழைய பதிப்போடு போய்விடுங்கள். ஒரே நேரத்தில் எல்லாத் திரெட்டும் பார்ஸ் செய்யப் பாய்வதை இது தடுக்கும். பூட்டு கிடைத்தால் ஃபைலைத் திறந்து, திறந்த கைப்பிடியிலேயே எஃப்ஸ்டாட் எடுத்து, பிறகு வாசியுங்கள். வாசித்து முடித்தபின் பெயரை வைத்து ஸ்டாட் எடுத்தால், இடையில் ஃபைல் மாறியிருந்தால் பழைய உள்ளடக்கத்துக்குப் புதிய அடையாளம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அடுத்த மாற்றம்வரை மீள்லோட் நடக்காது. பார்ஸ், சரிபார்ப்பு, உறைந்த பொருள் மூன்றும் முழுதாக முடிந்த பிறகு, ஒரே ஒரு அசைன்மென்ட்டில் குளோபல் பெயரைப் புதிய பொருளுக்கு மாற்றுங்கள். பைதனில் ஒரு பெயரை மாற்றிக் கட்டுவது பாதியில் நிற்காது. பழைய டிக்‌ஷனரியைக் காலி செய்து அப்டேட் செய்வது மட்டும் கூடவே கூடாது: அந்த இடைவெளியில் வாசிக்கும் திரெட் வெறுமையைக் காணும்.

புதிய ஃபைல் பிழையாக இருந்தால்? புரொசெஸ் தொடங்கும்போது பிழை என்றால் தொடங்காமல் நிற்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிழை என்றால் கடைசி நல்ல பதிப்போடு தொடர்ந்து ஓடி, எரர் லொக் எழுத வேண்டும். அந்தப் பிழையான ஃபைலின் அடையாளத்தையும் நினைவில் வையுங்கள். இல்லையென்றால் 5 வினாடிக்கு ஒரு தடவை அதே ஃபைலை மறுபடி பார்ஸ் செய்து லொக் நிரம்பி வழியும். லொக்கில் சாவியின் பெயரை எழுதுங்கள், பெறுமதியை எழுதாதீர்கள். கடவுச்சொல் லொக்குக்குள் போய்ச் சேரும் வழிகளில் இது ஒன்று.

அதே ஹூக்கின் கடைசி வரியில், குளோபலில் இருக்கும் பொருளை ஜிக்குள் வைத்துவிடுங்கள். அதன்பின் வியூ, டெம்ப்ளேட், கணக்குப் பார்க்கும் ஃபங்ஷன் எல்லாம் ஜியில் இருப்பதை மட்டுமே பார்க்க வேண்டும். குளோபலை இன்னொரு தடவை கேட்கக்கூடாது. ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், 2024 ஜனவரி 1இல் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாகியதை எடுத்துக்கொள்ளுங்கள். 20,000 ரூபாய் அறைக்கு பில் போடும் ரிக்வெஸ்ட் வரித் தொகையைக் கணக்கிடும்போது 15 வீதம், அதாவது 3,000. கொன்ஃபிக்கை எடுத்துத் தரும் கெட்டர் ஃபங்ஷனே ஃபைலைப் பார்த்து மீள்லோட் செய்யும்படி எழுதியிருந்தால், மொத்தத்தைக் கணக்கிடும் இடத்தில் அதே கெட்டர் 18 என்று சொல்லும், மொத்தம் 23,600. ஒரே தாளில் 20,000 கூட்டல் 3,000 சமன் 23,600. திரெட் எதுவும் இல்லாத சாதாரண சிங்க் வேர்க்கரிலும் இது நடக்கும், ஏனென்றால் மாற்றத்தைக் கொண்டுவந்தது அதே ரிக்வெஸ்ட்தான். பெறுமதி பழையதாக இருப்பதைக் கணக்காளர் பொறுத்துக்கொள்வார். கூட்டல் பொருந்தாத பில்லை ஒருவரும் பொறுக்க மாட்டார்கள்.

வற் வரியைப் பற்றி இன்னொன்று. தொடக்க நாள் உள்ள எந்தப் பெறுமதியையும் "நள்ளிரவில் ஃபைலை மாற்றுவோம்" என்று வைக்காதீர்கள். வீதம், எந்த நாளிலிருந்து என்று இரண்டு நிரல் உள்ள அட்டவணையாக முன்கூட்டியே எழுதி, பில் எந்த நாளுக்குரியதோ அந்த நாளைக் கொடுத்து வீதத்தைக் கேளுங்கள். சேர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடினால் அங்கே நள்ளிரவு என்பது இங்கே காலை 5:30; குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரொன் வைத்து மாற்றுபவர்கள் ஐந்தரை மணித்தியாலம் பழைய வீதத்தில் பில் போடுவது இதனால்தான்.

இப்போது விலை இரண்டு விதமாகத் தெரிந்த கதை. நான்கு வேர்க்கரும் நான்கு தனிப் புரொசெஸ். ஒன்றின் குளோபல் மற்றதற்குத் தெரியாது. மேலே சொன்ன முறையில், ஆட்கள் வந்துகொண்டிருக்கும் தளத்தில், மாற்றத்துக்குப் பிறகு ஏறத்தாழ 5 வினாடிக்கு வேர்க்கர்கள் ஒருவருக்கொருவர் முரண்படலாம், பிறகு ஒத்துப் போவார்கள். எல்ஆர்யூகேஷில் போட்டிருந்தால் ஒவ்வொரு வேர்க்கரும் தான் கடைசியாகத் தொடங்கிய நேரத்துப் பெறுமதியையே எப்போதும் வைத்திருக்கும். அதற்குக் காலாவதி கிடையாது. இதற்காக ரெடிஸ் என்ற தனி டேட்டாச் சேர்வரில் கொன்ஃபிக்கை வைத்து ஒவ்வொரு தடவையும் அங்கே போய்க் கேட்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நூறு கிலோபைட்டுக்கும் குறைவான பொருளை நான்கு புரொசெஸ்ஸில் நான்கு தடவை வைத்திருப்பது மெமரிக்கு ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் நெட்வேர்க் பயணமும், ரெடிஸ் விழுந்தால் தளமே விழுவதும்தான் அதற்குக் கிடைக்கும் கைமாறு.

எல்லா வேர்க்கரும் ஒரே கணத்தில் மாறினாலும்கூட, ஒருவர் 20,000 என்று பார்த்த பக்கத்துக்கும் அவர் "உறுதிசெய்" அழுத்தும் ரிக்வெஸ்ட்டுக்கும் இடையில் பத்து நிமிடம் இருக்கலாம். அதற்குள் விலை மாறினால் இரண்டாவது ரிக்வெஸ்ட் புதிய விலையைப் போடும். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் பார்ஸ் செய்தாலும் இது அப்படியே நடக்கும். விலை காட்டிய அந்த நேரத்தில் பதிவு வரிசையை டேட்டாபேஸில் "தற்காலிகம்" என்று உருவாக்கி, காட்டிய விலையையும் வரியையும் அது எவ்வளவு நேரம் செல்லும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். உறுதிசெய்யும்போது கொன்ஃபிக்கைப் பார்க்கவே தேவையில்லை. இன்னும் சொன்னால், விலையே யாமலில் இருக்க வேண்டிய பொருள் அல்ல. விடுதி முகாமையாளர் பருவத்துக்குப் பருவம் மாற்றும் ஒன்று. தொடக்க நாளோடு டேட்டாபேஸ் அட்டவணைக்கு எடுத்துவிடுங்கள்.

கனிகோர்ன் பற்றி இரண்டு எச்சரிக்கை. கனிகோர்னுக்கு ஹப் (HUP) சிக்னல் அனுப்பினால் புதிய வேர்க்கர்கள் தொடங்கி, பழையவை கையில் இருப்பதை முடித்துக்கொண்டு போகும். சின்னத் தளத்துக்கு இதுவே போதுமான மீள்லோட் முறை, மேலே சொன்ன ஸ்டாட் வேலைகூடத் தேவைப்படாது. ஆனால் பிரீலோட் ஆப்ஷனைப் போட்டிருந்தால் ஆப், வேர்க்கர்களை உருவாக்கும் மாஸ்டர் புரொசெஸ்ஸிலேயே லோட் ஆகியிருக்கும், ஹப் அனுப்பினாலும் பழைய கொன்ஃபிக்தான் வரும். மாஸ்டரிலேயே ஃபைலைக் கவனிக்கும் ஒரு திரெட்டைத் தொடங்கி வைத்தால் அதுவும் பயன் தராது: ஃபோர்க்குக்குப் பிறகு (மாஸ்டர் தன் நகலாக வேர்க்கரை உருவாக்கிய பிறகு), ஃபோர்க்கைக் கூப்பிட்ட திரெட் மட்டுமே பிள்ளைப் புரொசெஸ்ஸில் இருக்கும். பின்னணியில் மின்னஞ்சல் அனுப்பும் செலரி வேர்க்கர் வைத்திருந்தால் அது வேறு புரொசெஸ் என்பதையும், அங்கே ஃபிளாஸ்க்கின் ரிக்வெஸ்ட் எதுவும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். கொன்ஃபிக் பொருளைப் பதிவு எண்ணோடு சேர்த்து ஜொப்புக்குள் திணிக்காமல், ஜொப் தொடங்கும்போது அங்கேயே ஒரு தடவை எடுத்து முடிவுவரை அதையே பயன்படுத்துங்கள்.

பிஎச்பியில் இதே கேள்வி என்றால் பதில் கொஞ்சம் மாறும். அங்கே ரிக்வெஸ்ட் முடிந்ததும் எல்லா மாறியும் அழிந்துவிடும். ஸ்டாடிக்கில் வைப்பது தானாகவே ரிக்வெஸ்ட் அளவிலான கேஷ். யாமலை முன்கூட்டியே ஒரு அரேயைத் திருப்பித் தரும் பிஎச்பி ஃபைலாக மாற்றி வைத்தால் பிஎச்பியின் ஓப்கேஷ் அதைப் பகிர்ந்த மெமரியில் வைத்துக்கொள்ளும், பார்ஸ் செலவு போய்விடும். லாராவல் என்ற பிஎச்பி சட்டகத்தின் கொன்ஃபிக்கேஷ் (config:cache) கட்டளை இதைத்தான் செய்கிறது. அதன்பின் சூழல் மாறிகள் உள்ள டொட்என்வ் (.env) ஃபைல் வாசிக்கப்படாது, கொன்ஃபிக் ஃபைல்களுக்கு வெளியே என்வ் ஃபங்ஷனைக் கூப்பிட்ட இடங்களில் நல் (null, வெறுமை) வரும்.

எல்லாம் மாற்றிய பிறகு சோதிக்கும் வழி: கொன்ஃபிக் ஃபைலின் ஹாஷ்ஷில் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க அடையாளத்தில்) முதல் 8 எழுத்தையும் புரொசெஸ் எண்ணையும் ஒவ்வொரு பதிலின் ஹெடரிலும் போடுங்கள். ஃபைலை ரீநேம் முறையில் மாற்றிவிட்டு, கேர்ல் (curl) கட்டளையை வைத்து வினாடிக்கு ஒன்றாக முப்பது ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். நான்கு புரொசெஸ் எண்ணும் வரும்வரை தொடருங்கள். ஆட்கள் இல்லாத சோதனைச் சேர்வரில் ஒரு வேர்க்கர் வெகுநேரம் சும்மா இருந்திருந்தாலும், அதன் அடுத்த ரிக்வெஸ்ட்டிலேயே புதிய ஹாஷ் வர வேண்டும். மாற்றி 5 வினாடிக்குப் பிறகும் பழைய ஹாஷ் ஒன்று வந்தால், அந்தப் புரொசெஸ் எண்ணை லொக்கில் தேடுங்கள்: சரிபார்ப்பில் விழுந்த சாவியின் பெயர் அங்கே இருக்கும், இல்லையென்றால் ஹூக்கைத் தாண்டிக் குளோபலை நேரே பிடித்துவைத்த ஒரு இம்போர்ட் வரி கோடில் எங்கோ மிச்சம் இருக்கிறது.